கண்டறிந்த பின்

தூத்துக்குடிக் கடலில் இறுதியாக முத்துக்குளிப்பு நடைபெற்றது 1961ஆம் ஆண்டில். அத்தொழிலைப் பேசும்போதெல்லாம் மூழ்கியவரின் துணிவையே நாம் வியக்கிறோம். தோணியில் நின்று கயிறு பிடித்தவரை மறந்துவிடுகிறோம். கீழே கயிறு அசைந்ததும் இவர் இழுத்தாக வேண்டும். தவறினால் சிப்பியும் இல்லை, உயிரும் இல்லை. மருத்துவ வரலாற்றிலும் இம்மறதி உண்டு. நோயைக் கண்டறிந்தவர்களைப் போற்றும் நாம், கண்டறிந்த பின் கைவிடாதிருந்தவர்களை எண்ணுவதில்லை.

கருப்பை வாய்ப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். பாப்பிலோமா வைரஸின் சில வகைகளே இதற்குக் காரணம் என 1980களில் காட்டிய ஹரால்ட் சூர் ஹவுசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். இத்தொற்று பெரும்பாலும் தானே அகன்றுவிடும். நிலைத்துவிட்டால் மட்டுமே, பல்லாண்டுகள் கழித்துப் புற்றாக முற்றக்கூடும். அந்த இடைக்காலமே நமக்கு வாய்த்த அவகாசம்.

அதனைப் பயன்படுத்த இயலும் என்று காட்டியது நம் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000இல் தொடங்கிய ஆய்வு. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குச் செவிலியர்கள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்மையாக மாறும் இடங்களை வெறுங்கண்ணால் நோக்கினர். 2003க்குள் பரிசோதிக்கப்பட்ட 31,343 பேரில் 3,088 பேரிடம் ஐயத்திற்குரிய மாற்றம் தென்பட்டது. அவர்களுள் 3,052 பேருக்கு கால்போஸ்கோப் சோதனையும் நடந்தது. இன்னொரு நாள் பேருந்தேறி வரச் சொல்லாமல், அடுத்த சோதனையையும் உறையவைத்து அழிக்கும் சிகிச்சையையும் அதே அமர்வில் அளிக்க ஏற்பாடு இருந்தது.

2007இல் லான்செட் இதழ் முடிவை வெளியிட்டது. பரிசோதனை நடந்த பகுதிகளில் இந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்திருந்தது. ஒப்பீட்டுக்காக 30,958 பெண்கள் பரிசோதனையின்றி வழமையான கவனிப்பில் விடப்பட்டது குறித்து அறக் கேள்விகளும் பின்னர் எழுந்தன.

ஆயினும் நம்மை நிறுத்துவது வேறோர் எண். புற்றுக்கு முந்தைய மாற்றம் கண்டறியப்பட்ட 1,874 பேரில் சிகிச்சை பெற்றோர் 72 விழுக்காடு. எஞ்சியோர் 500க்கும் மேல். இம்மாற்றத்தில் வலி இல்லை. நோவில்லாத உடம்புக்கு வைத்தியம் எதற்கு என்று கேட்காத வீடு நம்மிடையே எத்தனை?

மாற்றம் காணப்பட்டோரில் 90 விழுக்காட்டினர் 2030க்குள் சிகிச்சை பெற வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020இல் இலக்கு வகுத்தது. வைரஸ் இருந்தும் அடுத்த சோதனையில் மாற்றம் தென்படாதவர்கள் 24 மாதங்களிலும், சிகிச்சை பெற்றவர்கள் 12 மாதங்களிலும் மீண்டும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது 2021இன் வழிகாட்டுதல். வைரஸ் இருப்பதாலேயே புற்றுநோய் என்று அஞ்ச வேண்டியதில்லை. அந்த மறுசோதனை நாளைத் தவறவிடலாகாது. அந்நாளை நினைவிற்கொண்டு வந்து கதவைத் தட்டும் கிராமச் செவிலியரின் கையில்தான் இன்று அக்கயிறு இருக்கிறது.