பழைய கேமிங் கணினியை மாற்ற வேண்டுமா? பணம் செலவிடும் முன் பார்க்க வேண்டியவை

புதுடெல்லி: ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கேமிங் கணினி தடுமாறத் தொடங்கியதும், புதிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்குவதா அல்லது கணினியையே மாற்றுவதா என்ற கேள்வி எழுகிறது. பல வீடுகளில் விளையாட்டுக்கென்று தனிக் கணினி இருப்பதில்லை. பிள்ளைகளின் படிப்பு, அலுவலகப் பணி, வங்கிப் பரிவர்த்தனை ஆகிய அனைத்தும் அதே கணினியில்தான் நடைபெறுகின்றன. எனவே இம்முடிவு விளையாட்டைக் கடந்து, குடும்பத்தின் செலவையும் பாதுகாப்பையும் பற்றியதாகிறது.

இதில் முதலில் பிரித்தறிய வேண்டியது ஒன்று உண்டு. கணினி விளையாட்டை மெதுவாக இயக்குகிறதா, அல்லது இயக்கவே மறுக்கிறதா? மெதுவாக இயங்கும் கணினியைச் சிறு செலவிலோ, செலவே இன்றியோ பெரும்பாலும் சீர்செய்துவிட முடியும். இயக்கவே மறுக்கும் கணினிக்கு அமைப்புகளைக் குறைப்பதால் பயன் ஏதும் கிடைக்காது. டெல்லி நேரு பிளேஸ், மும்பை லேமிங்டன் சாலை, சென்னை ரிச்சி தெரு என எந்தச் சந்தைக்குச் சென்றாலும், இரண்டு குறைகளுக்கும் முதலில் கிடைக்கும் பதில் புதிய கிராஃபிக்ஸ் கார்டு என்பதாகவே இருக்க வாய்ப்புண்டு. ஆகவே எந்தக் குறை என்பதை வீட்டிலேயே கண்டறிந்துவிடுவது நல்லது.

ஒரே கார்டு, இரு வேறு நிலை: என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060 கார்டு பொருத்தப்பட்ட இரண்டு கணினிகளை எடுத்துக்கொள்வோம். 2016 ஜூலையில் அறிமுகமாகி, நடுத்தர விலையில் பெருமளவில் விற்பனையான கார்டு இது. ஒரு கணினியில் 2017 தொடக்கத்தில் வெளிவந்த இன்டெல் ஐ5 7400 ப்ராசஸர் உள்ளது. மற்றொன்றில் அதே ஆண்டு அக்டோபரில் வந்த ஐ5 8400 உள்ளது. இரண்டுக்கும் இடையே ஓராண்டு கூட இடைவெளி இல்லை. ஆயினும் முன்னதில் 4 கோர்களும், பின்னதில் 6 கோர்களும் உள்ளன. அதைவிட முக்கியமாக, ஐ5 8400 விண்டோஸ் 11 இயங்குதளத்துக்குத் தகுதி பெறுகிறது. ஐ5 7400 பெறுவதில்லை.

இன்டெல் 8-ஆம் தலைமுறை, ஏஎம்டி ரைசன் 2000 வரிசை ஆகியவற்றிலிருந்தே பொதுவாக இத்தகுதி தொடங்குகிறது. ஏஎம்டியில் ரைசன் 3 2200ஜி, ரைசன் 5 2400ஜி ஆகியவை பெயரில் 2000 இருந்தும் இப்பட்டியலில் இடம்பெறவில்லை. மைக்ரோசாஃப்ட் வழங்கும் பிசி ஹெல்த் செக் என்னும் இலவசச் செயலி, ஒரு கணினி தகுதி உடையதா என்பதைச் சில நொடிகளில் தெரிவித்துவிடும்.

ஐ5 7400 உள்ள கணினியில் ப்ராசஸரை மட்டும் மாற்றிவிடலாமே என்று தோன்றலாம். இங்குதான் பலர் ஏமாறுகின்றனர். 7-ஆம், 8-ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் இரண்டுமே 1151 என்னும் ஒரே எண்ணுள்ள சாக்கெட்டில் பொருந்துபவை. எனினும் பழைய மதர்போர்டு புதிய ப்ராசஸரை ஏற்காது. அதில் பொருத்தக்கூடிய உயர்ந்த ப்ராசஸரான ஐ7 7700-ஐத் தேடிப்பிடித்து வாங்கினாலும் விண்டோஸ் 11 தகுதி கிடைக்காது. அத்தகைய கணினியில் பெரும் பணம் போடுவது உசிதமன்று.

ஏஎம்டி கணினி வைத்திருப்போரின் நிலை சற்று மேலானது. 2017-இல் அறிமுகமான ரைசன் ப்ராசஸர்களுக்கான ஏஎம்4 மதர்போர்டுகள் பலவற்றில், பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்த பின் 2022-இல் வெளிவந்த ரைசன் 5 5600, ரைசன் 7 5800எக்ஸ்3டி ஆகியவற்றைக்கூடப் பொருத்த முடியும். மதர்போர்டு, ரேம் எதையும் மாற்றாமல் ஐந்தாண்டு முன்னேற்றம் கிடைக்கும். மதர்போர்டு நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த மாடலுக்கான ப்ராசஸர் பட்டியலைச் சரிபார்த்த பிறகே வாங்க வேண்டும்.

விண்டோஸ் 10 காலக்கெடு: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிவடைந்தது. வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்தோருக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு என மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விளையாட்டுகள் உடனடியாக நின்றுவிடப் போவதில்லை. ஆனால் வங்கிக் கணக்கும் கடவுச்சொற்களும் உள்ள கணினியைப் பாதுகாப்புப் புதுப்பிப்பு இன்றிப் பயன்படுத்துவது ஆபத்தானது. தகுதி பெறாத கணினியில் லினக்ஸ் நிறுவி, ஸ்டீம் தளத்தின் புரோட்டான் வசதி மூலம் ஏராளமான விளையாட்டுகளை ஆடலாம். வேலரன்ட், பேட்டில்ஃபீல்டு 6 போன்றவை மட்டும் அதில் இயங்கா.

இயங்க மறுக்கும் விளையாட்டுகள்: 2024 டிசம்பரில் வெளியான இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள், 2025 மே மாதம் வெளியான டூம்: த டார்க் ஏஜஸ் ஆகிய இரண்டும், ரே டிரேசிங் வசதியைக் கட்டாயமாக்கியுள்ளன. ஒளியின் பாதையைக் கணக்கிட்டு நிழலையும் பிரதிபலிப்பையும் வரையும் இவ்வசதிக்கான தனிச் சுற்றுகள் ஜிடிஎக்ஸ் 1060, ஜிடிஎக்ஸ் 1650, ஆர்எக்ஸ் 580 ஆகியவற்றில் இல்லை. இவற்றை ஆட விரும்புவோருக்குப் புதிய கார்டு தவிர வேறு வழியில்லை.

டிரைவர் ஆதரவையும் பார்க்க வேண்டும். ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர்கள் 2025 அக்டோபருடன் நிறுத்தப்படும் என்றும், பாதுகாப்புப் புதுப்பிப்புகள் மட்டும் 2028 அக்டோபர் வரை தொடரும் என்றும் என்விடியா அறிவித்தது. ஜிடிஎக்ஸ் 1650, 1660 ஆகியவை அடுத்த தலைமுறையைச் சேர்ந்தவை என்பதால் இவ்வறிவிப்பில் அடங்கவில்லை.

சில மறுப்புகளுக்குப் பணமே தேவையில்லை. பேட்டில்ஃபீல்டு 6 விளையாட்டுக்கு செக்யூர் பூட் வசதி இயக்கத்தில் இருக்க வேண்டும். விண்டோஸ் 11 கணினிகளில் வேலரன்டும் அதனுடன் டிபிஎம் 2.0-ஐயும் கேட்கிறது. இவை பல கணினிகளில் ஏற்கெனவே இருந்தும் பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இயக்கினால் போதும். ஆனால் எச்சரிக்கை தேவை: பழைய முறையில் விண்டோஸ் நிறுவப்பட்டிருந்தால், டிஸ்க்கின் பகிர்வு முறையை மாற்றாமல் இதைச் செய்யும்போது கணினி தொடங்காமலே போகலாம். முக்கியக் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து வைத்த பிறகே முயல வேண்டும்.

வேகம் எங்கே குறைகிறது?: கணினி மறுக்கவில்லை, மெதுவாகத்தான் இயங்குகிறது என்றால் எளிய சோதனை ஒன்று உள்ளது. வழக்கமாக ஆடும் விளையாட்டின் ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்குக் குறைத்து, அதே காட்சியை மீண்டும் ஆடிப் பார்க்க வேண்டும். ஒரு நொடிக்கான ஃபிரேம் எண்ணிக்கை கணிசமாக உயர்ந்தால், திணறுவது கிராஃபிக்ஸ் கார்டு. எண்ணிக்கை ஏறக்குறைய மாறாமல் நின்றால், திணறுவது ப்ராசஸர் அல்லது ரேம். இரண்டாவது நிலையில் எவ்வளவு விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினாலும் வேகம் கூடாது. பலரது பணம் வீணாவது இந்த இடத்தில்தான்.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருள் இதை எண்களாகவே திரையில் காட்டும். கிராஃபிக்ஸ் கார்டின் பயன்பாடு தொடர்ந்து 95 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கார்டுதான் எல்லை. அது 60, 70 சதவீதத்தில் நின்றபடி ஆட்டம் விட்டுவிட்டு ஓடினால், காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். மானிட்டரும் கணக்கில் சேரும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 முறைக்கு மேல் படத்தைப் புதுப்பிக்காது. அதில் ஏற்கெனவே சீராக 60 ஃபிரேம் கிடைப்போர், மானிட்டரை மாற்றாமல் கார்டை மட்டும் மாற்றினால் கண்ணுக்குத் தெரியும் பலன் குறைவே. கவுண்டர் ஸ்ட்ரைக் 2, வேலரன்ட் போன்றவற்றை மட்டும் ஆடுவோருக்கு ப்ராசஸரே பெரும்பாலும் முக்கியம்.

வெப்பம், தூசி, ரேம்: இந்தியக் கோடையில் அறையின் வெப்பமே 40 டிகிரியை நெருங்கும் இடங்கள் உண்டு. குறிப்பிட்ட வெப்பநிலையை எட்டியதும் ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. ஜனவரியில் நன்றாக ஓடிய விளையாட்டு மே மாதத்தில் திணறினால், பழுது பெரும்பாலும் சிலிக்கானில் இல்லை, தூசியில் உள்ளது. கேபினட்டைத் திறந்து காற்றடித்துத் தூசியை நீக்குவதும், ப்ராசஸர் மீது காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் பூசுவதும் சில நூறு ரூபாயில் முடியும் வேலைகள்.

அடுத்தது ரேம். 8 ஜிபி இன்றைய புதிய விளையாட்டுகளுக்குப் போதாது. 16 ஜிபி இருப்பது நலம். விலையைக் குறைக்க ஒரே ஒரு ரேம் குச்சியுடன் விற்கப்பட்ட கணினிகள் ஏராளம். அதே வேகமுள்ள இன்னொரு குச்சியைச் சரியான இடத்தில் சேர்த்தால், கொள்ளளவு இரட்டிப்பாவதுடன் இரு தடங்களில் தரவு பாய்வதால் ஆட்டத்தின் திடீர்த் தடுமாற்றங்களும் குறையும். விண்டோஸும் விளையாட்டும் இன்னும் ஹார்டு டிஸ்க்கில் இருந்தால் எஸ்எஸ்டி-க்கு மாறுவது அவசியம். இது ஃபிரேம் எண்ணிக்கையை உயர்த்தாது என்றாலும், காத்திருப்பு நேரத்தை வெகுவாகக் குறைக்கும்.

கார்டு வாங்குவதானால்: சோதனையில் கார்டுதான் எல்லை எனத் தெரிந்து, ப்ராசஸரும் விண்டோஸ் 11 தகுதி பெற்றிருந்தால், கார்டை மாற்றுவது நியாயமான செலவு. அப்போதும் எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கியைப் பார்க்க வேண்டும். ஜிடிஎக்ஸ் 1060-க்கு 120 வாட். ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 170 வாட். அதற்குப் பின் வந்த ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115 வாட் மட்டுமே. புதியது அதிக மின்சாரம் கேட்கும் என்பது எப்போதும் உண்மையன்று. ஆனால் எட்டாண்டு உழைத்த, பெயர் தெரியாத நிறுவனத்தின் எஸ்எம்பிஎஸ்ஸுடன் புதிய கார்டை இணைப்பது சரியான சிக்கனம் ஆகாது.

பழைய மதர்போர்டுகளுக்கே உரிய சிக்கல் இன்னொன்று உண்டு. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மதர்போர்டுடன் நான்கு தடங்களில் மட்டுமே தரவைப் பரிமாறும். பிசிஐஇ 4.0 உள்ள புதிய போர்டுகளில் அது பெரிய குறையாகத் தெரிவதில்லை, 3.0 மட்டுமே உள்ள பழைய போர்டுகளில் வேகம் வெளிப்படையாகக் குறையும். மலிவு என்பதால் பழைய கணினிக்குப் பொருத்தமானது என்று கருதப்படும் கார்டு, பழைய கணினியில்தான் மோசமாக இயங்குகிறது என்பது குறிப்பிடத்தக்கது. நினைவகம் 8 ஜிபி-க்குக் குறைந்த கார்டை இனி வாங்குவதில் பயனில்லை.

பயன்படுத்திய கார்டு வாங்குவோர், அரை மணி நேரமாவது விளையாட்டை ஓடவிட்டு, வெப்பநிலையையும் விசிறியின் ஒலியையும் கவனித்த பிறகே பணம் தர வேண்டும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் கிரிப்டோ நாணயம் கார்டுகளைக் கொண்டு ஈட்டும் முறையைக் கைவிட்டபோது, இரவுபகலாக உழைத்த கார்டுகள் பெருமளவில் சந்தைக்கு வந்தன. அவை இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன.

முழுக் கணினியும் மாறினால்: ப்ராசஸர், மதர்போர்டு, விண்டோஸ் மூன்றும் எல்லையை எட்டிவிட்ட ஐ5 7400 போன்ற கணினிகளுக்கு மாற்றமே வழி. ஆனால் அவசரம் வேண்டாம். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் 2025 இறுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக உயர்ந்துள்ளது. மைக்ரான் நிறுவனம் தனது குரூசியல் நுகர்வோர் பிரிவிலிருந்து விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்ததும் இதன் தொடர்ச்சியே. புதிய ஏஎம்5 மதர்போர்டுகள் டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். இன்டெல் 12 முதல் 14 வரையிலான தலைமுறைகளுக்கு டிடிஆர்4 ஏற்கும் போர்டுகளும் உள்ளன. கையில் நல்ல டிடிஆர்4 ரேம் இருப்போர் அந்த வழியையோ, ஏஎம்4 வழியையோ தேர்ந்தெடுத்தால் ரேமுக்கான செலவு முழுவதும் மிஞ்சும். கேபினட், எஸ்எஸ்டி, மானிட்டர் ஆகியவற்றையும் அப்படியே பயன்படுத்தலாம்.

கழற்றிய பாகங்களை விற்பதானால், டிஸ்க்கில் உள்ள தரவை முழுமையாக அழித்த பிறகே கொடுக்க வேண்டும். விற்க முடியாதவற்றைக் குப்பையில் போடாமல், பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களிடம் ஒப்படைக்கலாம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் கணினிகளுக்கும் பொருந்தும்.