ஒரே அச்சில் நான்கு கார்கள்

1973-ல் அமெரிக்காவில் அடக்கமான ஒரு கார் வாங்க நினைத்தவருக்கு ஜெனரல் மோட்டார்ஸ் நான்கு பெயர்களை நீட்டியது. செவ்ரலே நோவா, ஓல்ட்ஸ்மொபீல் ஒமேகா, பான்டியாக் வென்சுரா, பியூக் அப்பல்லோ. பெயர் நான்கு, ஷோரூம் நான்கு. கார் என்னவோ ஒன்றுதான்!

இந்த நான்கு பெயர்களின் ஆங்கில முதல் எழுத்துகள் என், ஓ, வி, ஏ. சேர்த்துப் படித்தால் மறுபடியும் 'நோவா'!

பிளாட்ஃபார்ம் என்றதும் ரயில் நிலையம் ஞாபகத்துக்கு வரலாம். கார் தொழிலில் அது வேறு. காரின் அடித்தளம், சக்கரங்களைத் தாங்கும் அமைப்பு, எஞ்சின் உட்காரும் இடம் எல்லாம் சேர்ந்ததுதான் பிளாட்ஃபார்ம். இந்த நான்கு கார்களின் பிளாட்ஃபார்முக்கு 'எக்ஸ்' என்று பெயர். கதவு, கூரை எல்லாம் பெரும்பாலும் பொது. ஆறு சிலிண்டர் எஞ்சின்கூட நான்குக்கும் செவ்ரலேயுடையதுதான். முன்பக்க கிரில், பின்விளக்கு, சீட் துணி, பெயர்ப்பலகை... மாறியது முக்கியமாக இவைதான்.

ஏன் இப்படிச் செய்தார்கள்? கணக்கு எளிது. தகட்டை அழுத்திக் கதவாகவும் கூரையாகவும் மாற்றும் அச்சுகளுக்குப் பெரும் பணம் ஆகும். பத்து கார் செய்தாலும் லட்சம் கார் செய்தாலும் அந்தச் செலவு அப்படியே இருக்கும். நிலைச் செலவு என்று பாடப் புத்தகத்தில் வருவது இதுதான். ஒரே அச்சை நான்கு பிராண்டுகள் பகிர்ந்தால் ஒவ்வொரு காரின் தலையிலும் விழும் சுமை குறைகிறது.

அதே ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தது. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய், சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. பெட்ரோல் பங்குகளில் நீண்ட வரிசை. பெரிய கார்களை மக்கள் ஒதுக்கத் தொடங்கியபோது, பியூக் டீலரிடமும் ஓல்ட்ஸ்மொபீல் டீலரிடமும் விற்பதற்கு ஒரு சிறிய கார் தயாராக இருந்தது. (சிறியது என்பது அமெரிக்கக் கணக்கில்! நோவாவின் நீளம் 16 அடி.) அந்த நேரத்துக்கு இது புத்திசாலித்தனமான ஏற்பாடுதான்.

ஆனால் இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 1920-களில் ஆல்ஃப்ரெட் ஸ்லோன் ஜெனரல் மோட்டார்ஸை ஒரு ஏணியாக அமைத்திருந்தார். கீழ்ப்படி செவ்ரலே, பிறகு பான்டியாக், ஓல்ட்ஸ்மொபீல், பியூக், உச்சியில் காடிலாக். சம்பளம் உயர உயர வாடிக்கையாளர் படியேறுவார். படிகளுக்குள் உண்மையான வித்தியாசம் இருந்தவரை இது பிரமாதமாக வேலை செய்தது. வித்தியாசம் கிரில்லில் மட்டும் என்று தெரிந்துவிட்டால் யார் ஏறுவார்கள்?

வாங்குபவருக்கு இது எவ்வளவு முக்கியம் என்பது 1977-ல் தெரிந்தது. அந்த ஆண்டு ஓல்ட்ஸ்மொபீல் டெல்டா 88 என்ற பெரிய கார் வாங்கிய பலர், உள்ளே இருந்தது செவ்ரலே எஞ்சின் என்று கண்டுபிடித்தார்கள். ஓல்ட்ஸ்மொபீல் தன் 'ராக்கெட்' எஞ்சினைச் சொல்லியே பெயர் வாங்கிய பிராண்ட். இல்லினாய்ஸ் மாநிலம் வழக்குப் போட்டது. கடைசியில் கம்பெனி இழப்பீடு தர வேண்டியதாயிற்று. செவ்ரலே எஞ்சின் மோசமானதல்ல. காசு கொடுத்தது வேறொன்றுக்கு என்பதுதான் அவர்களுடைய கோபம்.

அப்படியானால் பகிர்வதே தவறா? இல்லை. 1975-ல் வந்த காடிலாக் செவிலும் இதே எக்ஸ் பிளாட்ஃபார்மிலிருந்து பிறந்ததுதான். ஆனால் சக்கர இடைவெளியை நீட்டினார்கள், உடலைப் புதிதாக வடித்தார்கள், எரிபொருளை மின்னணு முறையில் பீய்ச்சும் எஞ்சின் வைத்தார்கள். விலை 12,479 டாலர், நோவாவைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல்! அப்படியும் நன்றாக விற்றது. நோவாவின் சொந்தக்காரன் என்று வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பாடத்தை ஜெனரல் மோட்டார்ஸ் முழுதாகக் கற்றதாகத் தெரியவில்லை. எண்பதுகளிலும் ஒரே முகம் கொண்ட கார்கள் வந்துகொண்டே இருந்தன. 2004-ல் ஓல்ட்ஸ்மொபீல் மூடப்பட்டது. 2009-ல் கம்பெனியே திவாலாகி மீண்டபோது பான்டியாக்கும் கைவிடப்பட்டு, 2010-ல் முடிவுக்கு வந்தது. ஜப்பானியப் போட்டி, தரக் குறைவு என்று இதற்குக் காரணங்கள் பல உண்டு. ஆனால் ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் என்ன வித்தியாசம் என்று வாடிக்கையாளர் கேட்டபோது பதில் இல்லாமல் போனதும் அவற்றில் ஒன்று.

அச்சுச் செலவில் மிச்சமான பணம் கணக்குப் புத்தகத்தில் உடனே ஏறியது. பெயரில் கரைந்த மதிப்பு எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை.