13 ஆண்டுகள் நீதிமன்றப் படியேறிய ஐரின் பெர்னாண்டஸ்

தோட்டப் பெண்கள், அந்நியத் தொழிலாளர்கள் உரிமை பற்றிப் பேசும்போது தவிர்க்க முடியாத பெயர் ஐரின் பெர்னாண்டஸ். 1946-இல் கெடா, சுங்கை பட்டாணியில் பிறந்தவர். பெற்றோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். தந்தை ரப்பர் தோட்ட மேற்பார்வையாளர். ஆசிரியை வேலையை 1970-இல் உதறிவிட்டுத் தொழிலாளர்களைத் திரட்ட இறங்கினார். துணி ஆலைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைத்தார். பெண்கள் மீதான வன்முறையை எதிர்க்கும் இயக்கங்களிலும் முன்னின்றார். 1991-இல் தெனாகனித்தா அமைப்பைத் தொடங்கினார். மலாயில் 'தெனாகா' என்றால் ஆற்றல். 'வனிதா' என்றால் பெண். பின்னது நமக்கும் பழகிய சொல்தான்.

அவரை நாடறியச் செய்தது ஓர் அறிக்கை. எச்.ஐ.வி. பற்றிய ஆய்வுக்காக அந்நியத் தொழிலாளர்கள் 300-க்கும் மேற்பட்டோரிடம் தெனாகனித்தா பேசியது. அவர்களில் பலர் தடுப்பு முகாம்களில் பட்ட பாட்டைச் சொன்னார்கள்: அடி, அரைவயிற்றுச் சாப்பாடு, பெரிபெரி நோய், மரணம். சிலாங்கூரின் செமினி முகாமும் அதில் அடிபட்டது. ஐரின் அவற்றைத் தொகுத்து 1995-இல் வெளியிட்டார். மறு ஆண்டு மார்ச் மாதம் அவரே கைதானார். தீய நோக்குடன் பொய்ச் செய்தி வெளியிட்டதாக, 1984-ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின் 8ஏ பிரிவில் வழக்கு.

விசாரணை மட்டும் ஏழு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. 2003 அக்டோபர் 16-இல் கோலாலம்பூர் மெஜிஸ்திரேட் நீதிமன்றம் ஓராண்டுச் சிறை விதித்தது. ஜாமீனில் வெளியே இருந்து மேல்முறையீடு செய்தார். தண்டனை இருந்ததால் 2004 பொதுத்தேர்தலில் நிற்க முடியவில்லை. 'மாற்று நோபல்' எனப்படும் ரைட் லைவ்லிஹூட் விருது 2005-இல் கிடைத்தபோதும் அவர் தண்டனை பெற்றவர்தான். கடைசியில், சாட்சியக் குறிப்புகளே முழுமையாக இல்லை என்று தெரியவந்தது. அரசுத் தரப்பு எதிர்க்கவில்லை. 2008 நவம்பர் 24-இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. குறிப்பைக்கூடப் பத்திரப்படுத்தாத ஒரு வழக்குக்குப் 13 ஆண்டுகள்!

அந்நியர்களுக்காக நம்மவர் ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நம் தாத்தா பாட்டியும் கப்பலேறி வந்த கூலிகள்தான். தவிர, தோட்டத்தையும் ஐரின் மறக்கவில்லை.

தோட்டங்களில் களைக்கொல்லியை 'மருந்து' என்பார்கள்; மருந்து அடிப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. நகம் சிதைவது, மூக்கில் ரத்தம் வடிவது, தோல் அரிப்பு என்று அவர்கள் சொன்னதைத் தெனாகனித்தா கேட்டு எழுதி, ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி நடவடிக்கை அமைப்புடன் சேர்ந்து 2002-இல் ஆய்வாக வெளியிட்டது. அதே ஆண்டு, பாராகுவாட் களைக்கொல்லியைப் படிப்படியாக நிறுத்துவதாக அரசு அறிவித்தது. 2006-இல் கட்டுப்பாடு தளர்ந்து, செம்பனைத் தோட்டங்களில் தெளிப்பு தொடர்ந்தது. முழுத் தடை 2020 ஜனவரி 1-இல்தான் நடப்புக்கு வந்தது. ஐரின் 2014 மார்ச் 31-இலேயே, 67-ஆம் வயதில் காலமாகிவிட்டார்.