மிலம்: எப்போதிலிருந்து கடைசி ஊர்?

உத்தராகண்டின் பித்தோராகர் மாவட்ட வரைபடத்தில், வடக்கே ஜோஹார் பள்ளத்தாக்கின் உச்சியில் மிலம்னு ஒரு ஊர் இருக்கும். பக்கத்திலேயே கோரி கங்கை பிறக்கும் பனியாறு. மலைக்கு அந்தப் பக்கம் திபெத். நம்ம கண்ணுக்கு அது கடைக்கோடி. ஆனால் அங்கே வாழ்ந்த சௌகா மக்களுக்கு அது பாதையின் நடுவில் இருந்த ஊர்.

கோடையில் மிலத்தில் இருப்பார்கள், பனிக்காலத்தில் கீழே இறங்கிவிடுவார்கள். இங்கிருந்து தானியம், வெல்லம், துணி ஆட்டு முதுகில் ஏறிப் போகும். அங்கிருந்து உப்பு, கம்பளி, வெண்காரம் வரும்.

19ஆம் நூற்றாண்டில் திபெத் ஐரோப்பியர்களை உள்ளே விடவில்லை. இந்த வியாபாரிகளை விட்டது. அதனால்தான் பிரிட்டிஷ் சர்வே துறை, மிலத்துப் பள்ளி ஆசிரியர் நயின் சிங் ராவத்தைப் பிடித்தது. வழக்கமான 108 மணிக்குப் பதிலாக 100 மணி கொண்ட ஜபமாலை அவர் கையில். நூறு அடிக்கு ஒரு மணி. மாலை ஒரு சுற்று வந்தால் 10,000 அடி. கிட்டத்தட்ட நம்ம ப்ரோக்ராம்ல எழுதுற கவுண்டர்தான்! இப்படி எண்ணிக்கொண்டே 1866 ஜனவரியில் லாசாவை அடைந்தார். 1877இல் லண்டன் ராயல் புவியியல் கழகம் தங்கப் பதக்கம் கொடுத்தது.

1962 போரோடு எல்லை மூடியது, வியாபாரம் நின்றது. மக்கள் முன்சியாரி பக்கம் தங்கிவிட்டார்கள். மிலத்தில் கல்வீடுகள் கூரையில்லாமல் நிற்கின்றன. இதே மாவட்டத்தின் லிபுலேக் கணவாயில் 1992இல் வியாபாரம் மறுபடி தொடங்கியது. ஜோஹாருக்கு அது திரும்பவில்லை.

எல்லையோர ஊர்னு ஒன்றைச் சொல்லும்போது, எப்போதிலிருந்து ஓரம்னு கேட்டுப் பார்க்கணும். மிலத்துக்குப் பதில், 1962.