கூவத்தின் கரையில் கிடக்கும் பாதி வரலாறு

கூவம் என்றதும் சென்னையில் முகம் சுளிக்காதவர்கள் குறைவு. சுளிக்கக் காரணமும் இருக்கிறது. இன்று அதில் ஓடுவது சாக்கடை கலந்த தண்ணீர். ஆனால் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் நெடுங்காலம் வரலாற்றுப் பாடம் நடத்தியவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். கோட்டையை வைத்துப் படிக்கிற சென்னை வரலாறு பாதிதான். மீதி இந்த ஆற்றங்கரையில் கிடக்கிறது. நடந்து போனால்தான் கண்ணில் படும்.

சிந்தாதிரிப்பேட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிற இடம் அது. கிழக்கிந்தியக் கும்பெனிக்கு ஏற்றுமதி செய்யத் துணி வேண்டியிருந்தது. கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் 1734-ல், சுங்குராம செட்டியின் தோட்டமாக இருந்த இந்த நிலத்தில் நெசவாளர் குடியிருப்பு ஒன்றை உண்டாக்கினார். நூல் நூற்பவர், நெய்பவர், துணியில் சித்திரம் எழுதுபவர், வெளுப்பவர் என்று அந்தத் தொழிலுக்கு வேண்டிய எல்லாரையும் அழைத்துக் குடிவைத்தார்கள். துணியை அலசவும் வெளுக்கவும் தண்ணீர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வரைபடத்தில் அந்த வளைவைப் பார்த்தால் இந்த இடம் எவ்வளவு தோதானது என்பது தெரியும். வந்தவர்கள் கும்பிடக் கோயில் வேண்டாமா? துபாஷி ஆதியப்ப நாராயண செட்டி, ஆதிகேசவப் பெருமாளுக்கும் ஆதிபுரீஸ்வரருக்கும் அடுத்தடுத்துக் கோயில் எழுப்பினார். தறிச் சத்தம் ஓய்ந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. இன்று இங்கே மீன் வாங்க வருகிற கூட்டத்தில், இது நெசவாளர்களுக்காக உண்டான ஊர் என்று அறிந்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

எதிர்க்கரை கோமளீஸ்வரன்பேட்டை. பச்சையப்ப முதலியார் (1754–1794) கூவத்தில் நீராடிவிட்டு இங்கேதான் கோமளீஸ்வரரை வணங்குவார் என்பார்கள். குளித்துவிட்டு ஈரத்துணியோடு கோயிலுக்குப் போகிற அளவுக்கு ஆறு தெளிவாக இருந்திருக்கிறது! புதுப்பேட்டையில் பழைய கார் இன்ஜின்களைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் என்னிடம், "எங்க தாத்தா இதுல குளிச்சிருக்காருன்னு அப்பா சொல்லுவாரு சார். நம்பத்தான் முடியல" என்றார். நான் நம்புகிறேன்.

இன்னும் மேற்கே கல்லூரிச் சாலை. அந்தப் பெயருக்குக் காரணம், 1812-ல் கும்பெனி அதிகாரி எல்லிஸ் துரை முன்னின்று தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி. பிற்காலத்தில் அது இந்தக் கரைக்கு வந்தது. வெள்ளைக்கார அதிகாரிகளுக்குத் தமிழ் கற்பிக்கப் புலவர்களைச் சம்பளம் கொடுத்து அமர்த்திய இடம். வீரமாமுனிவரின் சதுரகராதியை 1824-ல் அச்சேற்றியதும் அந்தக் கல்லூரிதான். அதே சாலையில் மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டியின் சிவப்புக் கட்டடமும் இருக்கிறது. புத்தகப் பித்து உள்ளவர்கள் தவறவிடக் கூடாது.

ஆனால் அந்தச் சாலையில் என்னை அசையவிடாமல் நிறுத்துவது ஒரு கல்தூண். வானிலை ஆய்வு மைய வளாகத்துக்குள் நிற்கிறது. ஒரே கருங்கல், சுமார் மூன்று ஆள் உயரம். 1792-ல் கும்பெனி இங்கே வானாய்வு நிலையம் கட்டியபோது நட்டது. தொலைநோக்கி ஒரு மயிரிழை அசைந்தாலும் நட்சத்திரக் கணக்கு பிசகிவிடும். அதனால்தான் அசையாத இந்தத் தூணின் மேல் கருவியைப் பொருத்தினார்கள். தூணின் மேல் தமிழும் தெலுங்கும் உட்படச் சில மொழிகளில் செய்தி வெட்டியிருக்கிறார்கள். கூரை போய்விட்டது, தொலைநோக்கி போய்விட்டது, எழுத்து நிற்கிறது.

இங்கிருந்து 1861-ல் வானியலாளர் போக்சன் கண்டுபிடித்த சிறுகோளுக்குத்தான் 'ஆசியா' என்று பெயர் வைத்தார்கள். 1867-ல் இங்கே உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். பாடப்புத்தகத்தில் அவருக்கு ஒரு பக்கமாவது கொடுத்திருக்க வேண்டும். ரயில்கள் ஓடிய 'மதராஸ் நேர'மும் இங்கே கணித்ததே. 1906-ல் இந்தியப் பொதுநேரம் வரும்வரை அது செல்லுபடியானது. வானாய்வு வேலை 1899-ல் கொடைக்கானலுக்குப் போய்விட்டது.

ஆற்றின் மறுகோடியில், கடலோரம் இருக்கிற நேப்பியர் பாலத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. 2022-ல் சதுரங்கக் கட்டம் தீட்டியபோது ஊரே போய்ப் படம் எடுத்துக்கொண்டது. எனக்கு அதைவிடப் பிடித்தது, தண்ணீர் வற்றிய திட்டுகளில் மேய்கிற நெடுங்கால் உள்ளான்கள். இளஞ்சிவப்புக் காலைத் தூக்கித் தூக்கி வைத்துச் சேற்றைக் கொத்துகின்றன.

மாநகராட்சி சில இடங்களில் கரையோரம் நடைபாதை போட்டிருக்கிறது, நல்ல காரியம். அந்தப் பாதைகளில் இந்த ஊர்களின் கதையைத் தமிழில் எழுதிப் பலகை வைக்க வேண்டும். வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். மார்கழி, தை மாதக் காலையொன்றில் உங்கள் பிள்ளைகளைச் சிந்தாதிரிப்பேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த இரண்டு கோயில்களையும் காட்டிவிட்டு, ஆற்றோரமாக அவர்களை நடத்திக் கூட்டிவாருங்கள்.