லிவர் தழும்புக்கு மஞ்சள் கேப்ஸ்யூலா? ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ஸ்கேன் ரிப்போர்ட்ல 'ஃபேட்டி லிவர்'னு வந்தா முதல்ல என்ன செய்வீங்க? போனை எடுத்துத் தேடுவீங்க. உடனே மஞ்சள் கேப்ஸ்யூல், கீழாநெல்லிப் பொடி, மில்க் திசில் மாத்திரைனு விளம்பரங்கள் வரிசைகட்டி நிக்கும். வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் ஒதுக்குங்க.

தழும்பு எப்படி வருது?

கல்லீரல்ல 'ஸ்டெல்லேட்' செல்கள்னு ஒரு வகை இருக்கு. வைட்டமின் ஏ-யைச் சேமிச்சு வைச்சுக்கிட்டு அமைதியா இருக்கும். மது, கொழுப்பு, ஹெபடைட்டிஸ் வைரஸ்னு ஏதாவது ஒண்ணு கல்லீரலைத் தொடர்ந்து காயப்படுத்தினா, இந்த செல்கள் விழிச்சுக்கிட்டு கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைக் கொட்ட ஆரம்பிக்கும். காயம் ஆறாம நீடிச்சா, தழும்பு மேல தழும்பு சேரும். இதுதான் ஃபைப்ரோசிஸ். முற்றிய நிலைதான் சிரோசிஸ்.

மூலிகைகள் என்ன செய்யும்?

மஞ்சள்ல இருக்கிற குர்குமின், மில்க் திசில் விதையில இருக்கிற சிலிமாரின் ரெண்டுமே ஆய்வகத்துலயும் எலிகள்லயும் ஸ்டெல்லேட் செல்களை அடக்கியிருக்கு. விளம்பரங்கள் இதோட நிறுத்திக்கும். ஆனா, மனுஷங்களோட கல்லீரல் தழும்பைக் கரைக்கும்னு உறுதியா நிரூபிக்கப்பட்ட தாவர மருந்து இன்னும் இல்லை.

கீழாநெல்லி கதையும் ஒரு பாடம்தான். 1988-ல சென்னை ஆய்வாளர்கள் 'லான்செட்' இதழ்ல வெளியிட்ட ஆய்வுல, அது ஹெபடைட்டிஸ் பி வைரஸுக்கு எதிரா நல்ல பலன் தந்ததா தெரிஞ்சது. பிறகு வேற இடங்கள்ல நடந்த ஆய்வுகள்ல அதே பலன் கிடைக்கலை.

'இயற்கைதானே, என்ன ஆகிடும்?'

குர்குமினை உடம்பு சரியா உறிஞ்சாது. அதனாலதான் பல கேப்ஸ்யூல்கள்ல மிளகுல இருக்கிற பைப்பரினையும் சேர்க்குறாங்க. 1998-ல பெங்களூரில் நடந்த ஆய்வுல, பைப்பரின் சேர்த்தப்போ ரத்தத்துல கலக்குற குர்குமின் அளவு 20 மடங்கு கூடுச்சு.

அமெரிக்காவுல மஞ்சள் சப்ளிமென்ட்டால கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பத்தி 2022-ல ஓர் ஆய்வு வந்துச்சு. அவங்கள்ல 5 பேர் மருத்துவமனையில சேர வேண்டியிருந்தது. ஒருத்தர் உயிரிழந்தார். கல்லீரலைக் காப்பாத்தணும்னு வாங்குறதே அதைக் கெடுக்கவும் செய்யலாம். சாம்பார்ல போடுற மஞ்சளுக்கு இந்தப் பயம் வேண்டாம். கேப்ஸ்யூல்ல இருக்கிற டோஸ்தான் வேற.

அப்போ வழியே இல்லையா?

இருக்கு. கியூபாவுல, கொழுப்பால கல்லீரல் வீக்கம் வந்த 293 பேர் ஒரு வருஷம் உணவு, உடற்பயிற்சினு வாழ்க்கைமுறையை மாத்தினாங்க. எடையில 10 சதவிகிதமோ அதுக்கு மேலயோ குறைச்சவங்கள்ல 45 சதவிகிதம் பேருக்குத் தழும்பு குறைஞ்சது. 80 கிலோ இருக்கிறவருக்கு அது 8 கிலோ!

டாக்டர்கிட்ட 'ஃபைப்ரோஸ்கேன்' தேவையானு கேளுங்க. மதுவை விடுங்க. ஏற்கெனவே மூலிகை மாத்திரை ஏதாவது எடுத்துக்கிட்டிருந்தா, மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. கண்ணு மஞ்சளானாலோ, சிறுநீர் அடர் நிறத்துல போனாலோ, மாத்திரையை நிறுத்திட்டு அன்னிக்கே டாக்டரைப் பாருங்க!