தரம் எழுதிய வயலும் அறுவடை இயந்திரமும்: செங்கல்பட்டுக் கடலோரத்தின் நில மதிப்பீட்டு வரலாறு

செங்கல்பட்டுச் சீமையில் நன்செய் நிலத்தை அளந்து மதிப்பிடும் வழக்கம் மிகப் பழமையானது. ஆயினும் அம்மதிப்பீடு வயல் எவ்வளவு விளையும், விளைந்ததில் அரசுக்கும் கோயிலுக்கும் ஊர்ப் பணியாளருக்கும் எவ்வளவு சேரும் என்பவற்றையே கேட்டது. அறுப்பு எவ்வாறு நடக்கும் என்று கேட்கவில்லை. அரிவாளோடு இறங்கும் ஆட்கள் முழங்கால் சேற்றிலும் அறுத்துக் கரையேற்றிவிடுவார்கள் என்பதால், அக்கேள்விக்கே அன்று இடமில்லாதிருந்தது.

ஆற்காட்டு நவாப் முகமது அலி 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வருவாய் உரிமையோடு, அளித்த இந்நிலப்பரப்பைத் தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை அளந்தார். ஏறத்தாழ 2,000 ஊர்களின் நன்செய், புன்செய், ஏரி, தோப்பு, வீட்டுமனை ஆகியவற்றைக் காணிக் கணக்கில் பதிந்த அந்த அளவைக்கு ஊர்க் கணக்குப்பிள்ளைகளின் ஓலைச்சுவடிகள் துணைநின்றன. திருவிடந்தை என்ற கடலோர ஊருக்கு அருகிலுள்ள திருப்போரூரின் கணக்குகளும் வடக்குப்பட்டு என்ற ஊரின் கணக்குகளும் 2001இல் தனி நூலாகவே வெளிவந்துள்ளன. களத்தில் நெல் குவிந்ததும் யார் யாருக்கு எவ்வளவு பிரிக்க வேண்டும் என்பது அக்காலக் கணக்குகளில் வியப்பூட்டும் நுணுக்கத்தோடு எழுதப்பட்டிருக்கிறது.

வயல்களின் வடிவத்துக்கு வேறொரு மரபு காரணமாயிற்று. மிராசு, அதாவது பரம்பரைக் காணியாட்சி, நிலவிய ஊர்களில் நிலம் பங்குகளாகக் கணக்கிடப்பட்டது. பங்குகள் நிலையாகப் பிரிந்திருந்தால் அறுதிக்கரை என்றும், பொதுவில் இருந்தால் பசங்கரை என்றும் வழங்கியதை ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் 1818இல் வெளியிட்ட மிராசு பற்றிய நூல் விளக்குகிறது. பொதுவில் இருந்ததைக் கரையீடு செய்து பிரிக்கையில், மதகடி வயலிலும் கடைமடை வயலிலும் ஒவ்வொரு பங்குக்கும் ஒரு துண்டு கிடைக்குமாறு பார்த்துக்கொண்டது நியாயமான ஏற்பாடு. ஆனால், அந்த நியாயமே நிலத்தைச் சிறு துண்டுகளாக்கி, ஒருவருடைய வயலுக்குப் பிறர் வரப்பின் மேல்தான் செல்ல முடியும் என்ற நிலையையும் வளர்த்தது. பின்னர் வந்த பாகப்பிரிவினைகள் அதனை மேலும் கூர்மையாக்கின.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ரயத்துவாரி நிலவரித் திட்டத்தின்கீழ் ஒவ்வொரு வயலுக்கும் தரம் எழுதப்பட்டது. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டில் 'மண் வயனமும் ரகமும்', 'மண் தரம்' என்ற பத்திகள் அதன் எச்சங்களே. வண்டல், கரிசல், செம்மண், மணல் என்று இனம் பிரித்து, ஒவ்வொன்றிலும் களியும் மணலும் கலந்த அளவைப் பார்த்து, பாசன ஏரியில் எத்தனை மாதம் நீர் நிற்கும் என்பதையும் சேர்த்துத் தரம் முடிவுசெய்யப்பட்டது. களி மிகுந்து, மதகுக்கு அணித்தாய், நீர் குறையாத வயல் பெரும்பாலும் உயர்ந்த தரத்தைப் பெற்றது.

இவ்வளவு நுணுக்கமான கணக்கில் அறுத்தவர்களின் வாழ்க்கை இடம்பெறவில்லை என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மாவட்ட ஆட்சியர் டிரமென்ஹீர் 1891இல் இம்மாவட்டப் பறையர் மக்களின் கொத்தடிமை நிலையை விரிவாக எழுதினார். அதன் விளைவாகவே 1892இல் அம்மக்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. மலிவான, கட்டுண்ட உழைப்பு இருந்தவரை இயந்திரத்துக்கு ஏற்ற நிலம் எது என்று எவரும் ஆராய வேண்டியிருக்கவில்லை. கல்வியும், சென்னையை ஒட்டி விரிந்த தொழில்களும் அடுத்தடுத்த தலைமுறைகளை வயலிலிருந்து விடுவித்த பின்னரே அக்கேள்வி எழுந்தது.

கதிரை அறுத்து, அடித்து, தூற்றி நெல்லாகத் தரும் இயந்திரங்கள் வந்ததும் பழைய தரவரிசை பல இடங்களில் தலைகீழாயிற்று. டயர் வண்டிக்கு இறுகிய தரையும் நீண்ட வயலும் தேவை. பெல்ட் வண்டி எடையை அகன்ற பட்டையில் பரப்புவதால் ஈரத்தைத் தாங்கும் எனினும், அதுவும் மூன்று டன்னளவு எடை கொண்டது. ஆகவே, பதிவேட்டில் உயர்ந்த தரம் பெற்ற மதகடிக் களிமண் வயலே இயந்திரம் புதையும் இடமாகிறது; தரம் குறைந்த மேட்டு வயல் எளிதில் அறுபடுகிறது. இன்றைய மதிப்பீட்டாளர், கூம்பு முனைக் கம்பியை மண்ணில் அழுத்தி அதன் தாங்குதிறனை அளப்பதோடு, வயலின் நீள அகலம், வரப்பின் உயரம், வண்டிப்பாதை, வடிகால், பயிர் சாயும் இயல்பு ஆகியவற்றையும் பதிய வேண்டியிருக்கிறது. ஜப்பான் 1963 முதல் வயல்களையே 30 மீட்டருக்கு 100 மீட்டர் என்ற அளவில் திருத்தி, இயந்திரத்துக்கேற்ப நிலத்தை மாற்றிக்கொண்டது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி சராசரி நிலவுடைமை 0.75 ஹெக்டேராக உள்ள தமிழ்நாட்டில் அவ்வழி எளிதன்று; இங்கு இருக்கும் வயலை உள்ளபடி அறிவதே முதற்பணி.

திருவிடந்தையில் கடலை ஒட்டிய மணற்பரப்பு சவுக்குக்கும் தென்னைக்கும் உரியது. அதற்கு மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உவர்நிலமும் கிடக்க, அவற்றுக்கும் அப்பால் தையூர் முதலிய ஏரிகளின் ஆயக்கட்டில், அதாவது ஏரி நீர் பாயும் பரப்பில், நெல்வயல்கள் தொடங்குகின்றன. அங்கும் ஒரே வயல் பருவத்துக்குப் பருவம் வேறுபடுகிறது: தை மாதச் சம்பா அறுப்பின்போது வடகிழக்குப் பருவமழையால் நிரம்பிய ஏரியின் கசிவு கரையடி வயல்களை நனைத்தபடி இருக்கும், கோடையில் முடியும் நவரைக்குத் தரை இறுகியிருக்கும், சொர்ணவாரி முற்றும் ஆடி, ஆவணியிலோ தென்மேற்குப் பருவத்தின் மாலை மழை குறுக்கிடும். எந்த மடையை அறுப்புக்கு எத்தனை நாள் முன்பு அடைத்தால் எந்த வயல் காயும் என்பதை ஏரிநீரைப் பங்கிட்டுப் பாய்ச்சும் நீர்கட்டி அறிவார். அந்த அறிவுக்கு அ-பதிவேட்டில் பத்தி இல்லை. இயந்திர அறுப்புக்கான புதிய மதிப்பீட்டில் அதற்குப் பருவவாரியாகவே இடம் ஒதுக்க வேண்டும்.